"பிஎச்டி முடிச்சாச்சு, இன்னும் என்ன ட்ரெயினிங்?" புற்றுநோய் மருந்துகளுக்குப் பின்னால் இருக்கும் ஃபெல்லோஷிப் கதை

1/
உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பொண்ணு பயோடெக்னாலஜியில் பிஎச்டி முடிச்சிருப்பாங்க. வயசு முப்பதை நெருங்கியிருக்கும். "அடுத்து என்னம்மா வேலை?"ன்னு கேட்டா, "போஸ்ட்டாக் போறேன், கேன்சர் ரிசர்ச்சில் மூணு வருஷ ஃபெல்லோஷிப்"னு சொல்வாங்க. அடுத்து நம்ம வாயில் தானா வரும் கேள்வி: "இன்னுமா படிப்பு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க.

2/
முதலில் போஸ்ட்டாக் என்றால் என்ன? பிஎச்டியோ எம்.டி.யோ முடித்தவர், ஒரு மூத்த ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்தில் சில வருடங்கள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்வது. மாணவர் என்று சொல்ல முடியாது, பேராசிரியர் என்றும் சொல்ல முடியாது. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் தனியா வண்டி ஓட்ட மாட்டோம் இல்லையா? பக்கத்தில் பழகினவர் ஒருவர் உட்கார்ந்திருக்க நாம் ஓட்டுவோம். அந்தக் காலகட்டம்தான் இது.

அந்த வருடங்களுக்கான செலவை ஏற்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஃபெல்லோஷிப். இன்று நாங்கள் ஓ.பி.யில் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் சில மருந்துகளின் வேரைத் தேடிப் போனால், இப்படிப்பட்ட இரண்டு மூன்று வருடங்களில்தான் போய் நிற்போம்.

3/
ஃபெல்லோஷிப் என்று ஒன்று கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதிலிருந்து தொடங்குவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் கதை.

எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். படிக்கும் காலத்தில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920-களில் கப்பலேறி பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு இரவில் மருத்துவமனையில் போர்ட்டர் வேலை.

4/
உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு "ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை" ஞாபகம் இருக்கும். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறை. அந்த சுப்பாராவ் இவர்தான். அப்படியும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் என்ற வேதிப்பொருளைச் செய்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. கட்டுரை 1948 ஜூனில் வந்தது. அதே ஆகஸ்ட்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். வயது 53.

5/
அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். உங்க வீட்டில் யாராவது முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மஞ்சள் மாத்திரை போட்டால், பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

சுப்பாராவ் ஜெயித்தாரே என்று நினைக்கலாம். இரவெல்லாம் கட்டில் தள்ளிவிட்டுப் பகலில் ஆய்வகத்துக்கு வந்து சாதித்தவர் அவர் ஒருவர். அப்படி வந்து பாதியில் ஊர் திரும்பியவர்களின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

6/
அமெரிக்காவில் இந்த நிலையை மாற்ற 1937-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, அரசு. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆகஸ்ட் 5 அன்று தேசிய புற்றுநோய் நிறுவனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் வரை ஒதுக்கலாம் என்றது சட்டம். ஆராய்ச்சிக்கு மட்டும் அல்ல, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஃபெல்லோஷிப் கொடுக்கவும் அதில் இடம் இருந்தது.

இரண்டாவது, ஒரு குடும்பத்தின் துக்கம். ஜேன் காஃபின் சைல்ட்ஸ் என்ற பெண்ணின் நினைவாக அவர் குடும்பத்தார் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு நிதியம் தொடங்கினார்கள். அந்த நிதியத்தின் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இன்றும் நடக்கிறது.

7/
அடுத்து 1946. டேமன் ரன்யன் என்ற பத்திரிகையாளர், சிறுகதை எழுத்தாளர், டிசம்பரில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய நண்பர் வால்டர் வின்செல் ரேடியோவில் பிரபலமானவர். மைக்கைப் பிடித்து மக்களிடம் நேரடியாகக் காசு கேட்டார். சின்னச் சின்னத் தொகைகளாக வந்து குவிந்தது. 1949-இல் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் இந்த நிதிக்காகத் தொலைக்காட்சியில் 16 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தி 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்.

டேமன் ரன்யன் ஃபெல்லோஷிப் என்றால் இன்று புற்றுநோய் ஆராய்ச்சி உலகில் தனி மரியாதை. அதன் ஆரம்பம் ரேடியோ கேட்ட சாமானியர்கள் அனுப்பிய காசு.

8/
சரி, காசு வந்தாச்சு. ஆள் எப்படி வந்தாங்க? இங்கேதான் சரித்திரம் ஒரு வேடிக்கை பண்ணுது.

1950-இல் கொரியப் போர். மருத்துவர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்க அமெரிக்கா சட்டம் போட்டது. இளம் டாக்டர் என்றால் இரண்டு வருடம் போயாக வேண்டும். ஒரு மாற்று வழியும் இருந்தது. பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்து, வாஷிங்டன் பக்கத்தில் பெதஸ்டாவில் இருக்கும் என்.ஐ.ஹெச். என்ற தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்தால் அதுவும் ராணுவ சேவைக் கணக்கில் சேரும்.

9/
1953-இல் அங்கே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஆராய்ச்சிக்கென்றே கட்டியது. ஒரே கட்டடத்தில் நோயாளி வார்டும் ஆய்வகமும். அங்கே இளம் மருத்துவர்களை 'அசோசியேட்' என்ற பெயரில் இரண்டு மூன்று வருடப் பயிற்சிக்கு எடுத்தார்கள். சம்பளம் உண்டு. வார்டில் நோயாளியைப் பார்க்கணும், ஆய்வகத்தில் சோதனையும் செய்யணும்.

வியட்நாம் போர் வந்தபோது போட்டி எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. ராணுவத்தின் வீரப்படைக்கு 'பச்சைத் தொப்பி' என்று பெயர். இவர்களைக் கிண்டலாக 'மஞ்சள் தொப்பி' என்றார்கள். அமெரிக்கப் பேச்சுவழக்கில் மஞ்சள் என்றால் கோழைத்தனம்.

அந்தக் கோழைகள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

10/
முதலில் மின் சியு லி. சீனாவிலிருந்து வந்த மருத்துவர். அவரும் ராணுவ அழைப்புக்கு மாற்றாக 1955-இல் தேசிய புற்றுநோய் நிறுவனத்துக்கு வந்தவர்தான்.

கோரியோகார்சினோமா என்று ஒரு நோய். கர்ப்பத்துக்குப் பிறகு, முக்கியமாக முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து கிளம்பும் புற்று. நுரையீரலுக்குப் பரவி இளம்பெண்களைச் சில மாதங்களில் கொன்றுவிடும். 1956-இல் லி அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் கரைந்து காணாமல் போயின. அதுவரை மருந்தால் மட்டும் ஒரு திடக்கட்டி இப்படி மறைந்ததில்லை.

11/
லி அதோடு நிறுத்தவில்லை. இந்தப் புற்று ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கும். வீட்டில் கர்ப்பத்தை உறுதி செய்யும் கார்டு டெஸ்ட்டில் பார்ப்போமே, அதே ஹார்மோன். எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிந்தாலும் அவர்கள் உடம்பில் ஹெச்.சி.ஜி. கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது பூஜ்ஜியம் ஆகும்வரை மருந்து கொடுப்பேன் என்றார் லி. கட்டியே இல்லாத பெண்ணுக்கு எதற்கு இந்த விஷம் என்றது மேலிடம். 1957-இல் அவர் அங்கிருந்து வெளியேற வேண்டியதாகிவிட்டது.

பின்னால் கணக்குப் பார்த்தபோது, ஹெச்.சி.ஜி. மறையும்வரை மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்பவில்லை. பாதியில் நிறுத்தியவர்களுக்குத் திரும்பியது. 1972-இல் லிக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. இன்று உலகம் முழுக்க நாங்கள் செய்வது லி சொன்னதைத்தான்.

12/
அதே கட்டடத்தில் இன்னொரு வார்டு. ரத்தப் புற்று வந்த குழந்தைகள். எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரீக் என்று இரண்டு இளம் மருத்துவர்கள். இருவரும் 1955-இல் வந்தவர்கள். குழந்தைகள் புற்றால் சாவதற்கு முன்பே ரத்தப்போக்கால் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் ரத்தத் தட்டணுக்கள் குறைவு என்று காட்டி, தட்டணு ஏற்றும் வழியை ஃப்ரைரீக் வகுத்தார். டெங்கு சீசனில் "பிளேட்லெட் ஏத்தணுமா டாக்டர்?"ன்னு பதறுறீங்களே, அந்தச் சிகிச்சை வளர்ந்த இடங்களில் அந்த வார்டும் ஒன்று.

பிறகு நான்கு மருந்துகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். அதில் ஒன்று நம்ம மெத்தோட்ரெக்ஸேட்.

13/
1963-இல் அங்கே பயிற்சிக்கு வந்தவர் வின்சென்ட் டெவிட்டா. வயது 28. நான்கு மருந்துத் திட்டத்தை ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுக்கு மாற்றி அமைத்துப் பார்த்தார், சக பயிற்சியாளர்களோடு. மாப் என்று அதற்குப் பெயர். 1970-இல் முடிவு வெளியானது. முற்றிய நிலையில் இருந்த 43 பேரில் 35 பேருக்கு நோய் அறிகுறி முழுதாக மறைந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது திரும்பவே இல்லை.

பெரியவர்களுக்கு வரும், உடம்பெங்கும் பரவிய ஒரு புற்றை மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. டெவிட்டா பின்னாளில் அதே தேசிய புற்றுநோய் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனார்.

14/
இதுவரை சொன்ன எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனிச்சிருப்பீங்க. ராணுவ அழைப்பு ஆண்களுக்குத்தானே. அப்போ பெண்கள்?

ஜேனட் ரௌலி. சிகாகோவில் 1948-இல் மருத்துவப் பட்டம். பிறகு கல்யாணம், நான்கு மகன்கள். வாரத்தில் சில நாள் மட்டும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான கிளினிக்கில் வேலை. 1961-இல் கணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வருடம் பணி அமைந்தது. கூடவே போன ரௌலி சும்மா இருக்கவில்லை. என்.ஐ.ஹெச். பயிற்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் குரோமோசோம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 36.

15/
சிகாகோ திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரிடம் போனார். வேண்டியது ஒரு நுண்ணோக்கி, ஒரு இருட்டறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் அளவுக்குச் சம்பளம். ஜேக்கப்சன் சம்மதித்தார். ஆண்டுக்கு 5,000 டாலர், பகுதி நேரம்.

பிறகு மீண்டும் ஒருமுறை ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே குரோமோசோமில் பட்டை பட்டையாகச் சாயம் ஏற்றும் புது முறையைக் கற்றார். திரும்பி வந்து, ரத்தப் புற்று நோயாளிகளின் குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை வெட்டுறாங்க என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம்.

16/
1973-இல் அந்த மேஜையிலிருந்து வந்தது ஒரு பெரிய செய்தி. சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றில் 22-ஆம் குரோமோசோம் சின்னதாக இருக்கும் என்பது 1960-இலிருந்தே தெரியும். மிச்சத் துண்டு எங்கே போச்சு என்று தெரியாது. அது 9-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார் ரௌலி. இரண்டு குரோமோசோம்கள் இடம் மாற்றிக்கொள்வதே புற்றை உண்டாக்குமோ என்று கேட்டார். அதுவரை குரோமோசோம் குளறுபடி புற்றின் விளைவு என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

36 வயதில், பிள்ளைகளோடு, வேலையில் இடைவெளி விட்ட ஒரு பெண்ணுக்கு அந்த முதல் ஒரு வருட உதவித்தொகை கிடைக்காமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியை அப்படியே வைங்க. கடைசியில் வருவோம்.

17/
திரும்ப மஞ்சள் தொப்பிகளிடம். 1968-இல் என்.ஐ.ஹெச்.-இல் சேர்ந்த இளம் மருத்துவர்களில் நான்கு பேர் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். பிரவுன், கோல்ட்ஸ்டீன், லெஃப்கோவிட்ஸ், வார்மஸ். ஒரே வருடத்தில் சேர்ந்த நான்கு பேர்!

இதில் ஹெரால்ட் வார்மஸ் நமக்கு முக்கியம். முதலில் ஆங்கில இலக்கியம் படித்து ஹார்வர்டில் எம்.ஏ. வாங்கியவர். பிறகுதான் மருத்துவம். ஆராய்ச்சி அனுபவம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். என்.ஐ.ஹெச்.-இல் ஐரா பாஸ்டன் என்பவர் அவருக்குப் பாக்டீரியாவை வைத்து ஜீன் வேலை செய்யும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். அந்த நேரத்தில் வார்மஸின் அம்மாவுக்கு மார்பகப் புற்று. புற்றுநோய் பக்கம் அவர் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

18/
1970-இல் போஸ்ட்டாக்காக சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப்பின் ஆய்வகத்துக்குப் போனார். பிஷப்பும் பழைய என்.ஐ.ஹெச். ஆள்தான். சீக்கிரமே இருவரும் சமமான கூட்டாளிகள் ஆனார்கள்.

அவர்கள் எடுத்த கேள்வி பழையது. 1911-இல் பெய்டன் ரௌஸ் என்பவர், கோழிக்கு வரும் ஒரு புற்றை வடிகட்டிய சாற்றின் மூலம் இன்னொரு கோழிக்குப் பரப்ப முடியும் என்று காட்டினார். காரணம் ஒரு வைரஸ். அந்த வைரஸில் சார்க் என்ற ஒரு ஜீன்தான் புற்றை உண்டாக்குகிறது என்பது 1970 வாக்கில் தெரிந்துவிட்டது. அந்த ஜீன் வைரஸுக்கு எங்கிருந்து வந்தது? இதுதான் கேள்வி.

19/
இந்த இடத்தில் வருகிறார் இழையின் முக்கியமான போஸ்ட்டாக். டொமினிக் ஸ்டெஹெலான். பிரான்சிலிருந்து 1972-இல் அந்த ஆய்வகத்துக்கு வந்தவர்.

அவர் செய்த வேலையை எளிமையா சொல்றேன். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள். ஒன்று முழுசு. இன்னொன்றில் ஒரே ஒரு பக்கம் கிழிந்து போயிருக்கு. முழுப் புத்தகத்தைத் துண்டு துண்டாக்கி, கிழிந்த புத்தகத்தோடு பொருந்தும் எல்லாத் துண்டுகளையும் அப்புறப்படுத்தினால் மிச்சம் என்ன? காணாமல் போன அந்தப் பக்கம். சார்க் ஜீன் இல்லாத வைரஸ் ஒன்று பீட்டர் வோக்ட் என்பவரிடம் இருந்தது. அதை வைத்து இந்த முறையில் சார்க்கை மட்டும் கதிரியக்கக் குறியோடு பிரித்தெடுத்தார் ஸ்டெஹெலான். வாசிக்க நாலு வரி. செய்ய வருடக்கணக்கு.

20/
பிறகு அந்தத் துண்டை ஆரோக்கியமான பறவைகளின் டி.என்.ஏ.வோடு சேர்த்துப் பார்த்தார்கள். கோழியில் ஒட்டியது. காடையில் ஒட்டியது. வாத்தில், ஈமுவில்கூட. வைரஸ் தொடாத பறவைகளில் அந்த ஜீன் ஏற்கெனவே இருந்தது!

அப்படியென்றால் புற்று ஜீன் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நம்ம செல்லிலேயே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜீனை வைரஸ் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்க் கெடுத்திருக்கிறது. 1976-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. நான்கு பெயர்கள். முதல் பெயர் ஸ்டெஹெலான்.

21/
1989-இல் நோபல் பரிசு பிஷப்புக்கும் வார்மஸுக்கும். ஸ்டெஹெலானுக்கு இல்லை. அப்போது அவர் பிரான்சில் லீல் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முக்கியச் சோதனைகளைச் செய்தவன் நான், என்னை விட்டுவிட்டீர்களே என்று வெளிப்படையாகவே கேட்டார். பரிசுக் குழு முடிவை மாற்றவில்லை.

கேள்வியை உருவாக்கி, பல வருடம் அதைத் தூக்கிச் சுமந்து, ஆய்வகத்தை நடத்தியவர்களுக்குப் பரிசு என்பது ஒரு நியாயம். ராத்திரி பகலாகச் சோதனைக் குழாயோடு நின்றவன் எங்கே என்பது இன்னொரு நியாயம். நான் தீர்ப்புச் சொல்ல வரலை. ஆனா போஸ்ட்டாக் என்ற இடத்தில் இருக்கும் சங்கடம் இதுதான் என்று உங்களுக்குத் தெரியணும்.

22/
இப்போ இரண்டு கதைகளும் சேரும் இடம். சார்க் ஜீன் உண்டாக்கும் புரதம், டைரோசின் கைனேஸ் என்ற வகை. செல்லுக்கு 'வளரு' என்று சொல்லும் சுவிட்ச் மாதிரி. புரதங்களில் டைரோசினைக் குறிவைக்கும் இப்படி ஒரு வகை இருக்கிறது என்பதை 1979-இல் டோனி ஹன்டர் கண்டார். மறு வருடமே டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில், ஓவன் விட்டே என்ற போஸ்ட்டாக்கும் சகாக்களும் ஏபிஎல் என்ற இன்னொரு ஜீனின் புரதமும் அதே வகை என்று காட்டினார்கள்.

அந்த ஏபிஎல் மனிதருக்கு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது? ரௌலி சொன்ன 9-இல். அது 22-க்குத் தாவும்போது சுவிட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. சி.எம்.எல். வருகிறது.

23/
பிரையன் டிரக்கர் என்ற இளம் மருத்துவர் 1980-களில் பாஸ்டனில், புற்றுநோய்ப் பயிற்சிக்குப் பின் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து இந்தக் கைனேஸ் புரதங்களை அளக்கக் கற்றுக்கொண்டார். 1990-களில் ஓரிகன் போய், ஒரு மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அந்த சுவிட்சை அணைக்கும் மருந்தைச் சோதித்தார். 2001-இல் அனுமதி கிடைத்தது. இமாட்டினிப்.

முன்பு சி.எம்.எல். என்று எழுதினால் சில வருடங்கள்தான் என்று குடும்பத்தைத் தயார் செய்வோம். இமாட்டினிப் ஆய்வில் சேர்ந்தவர்களில் பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 83 சதவீதம். தினமும் மாத்திரை. வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் கல்யாணத்தைப் பார்க்கலாம்.

24/
கணக்குப் போட்டுப் பாருங்க. ரௌஸின் கோழி 1911. மாத்திரை 2001. 90 வருடம். நடுவில் இருப்பது ரௌலியின் ஒரு வருடம், வார்மஸின் இரண்டு வருடம், ஸ்டெஹெலானின் மூன்று வருடம், விட்டேயின் சில வருடம். இவர்களில் யாரும் "இந்த மாத்திரையைக் கண்டுபிடிக்கப் போகிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியாது. கோழி டி.என்.ஏ.வைப் பார்க்க எதற்குக் காசு என்று யாராவது கறாராகக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

25/
இதில் நல்லது மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மை இல்லை. அமெரிக்காவில் 1974-இல் பயிற்சி உதவித்தொகைக்கு ஒரு சட்டம் வந்தது. பணம் வாங்கினால் அதற்கு ஈடாக ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து அடைக்க வேண்டும். நம்ம ஊர் பி.ஜி. பாண்ட் மாதிரி. பின்னால் அந்த நிபந்தனை தளர்ந்தது.

பெரிய சிக்கல் வேறு. இரண்டு மூன்று வருடப் பயிற்சி என்று தொடங்கியது பலருக்கு ஐந்து, ஆறு என்று நீள்கிறது. உதவித்தொகை குறைவு. பி.எஃப்., பேறுகால விடுப்பு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நிரந்தர வேலைகள் கொஞ்சம்தான். வீட்டில் "இன்னுமா?"ன்னு கேட்பது முழுத் தப்பும் இல்லை.

26/
இந்தியாவில் இருப்பவர்களுக்கு வழி இல்லையா? இருக்கு. பிஎச்டி முடித்தவர்களுக்கு தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப். 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் ஃபெல்லோஷிப்கள். அவற்றில் மருத்துவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப். வெளியே, பிரான்சின் லியோனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போஸ்ட்டாக் பயிற்சி தருகிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. தகுதி, வயது, தொகை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

27/
சேரப் போகிறவர்களுக்கு, மேலே சொன்ன கதைகளிலிருந்தே நாலு கேள்வி:

ஒன்று, எனக்குக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறாரா? (வார்மஸுக்கு பாஸ்டன் இருந்தார்.)
இரண்டு, கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும், போகும்போது எந்த வேலையை என்னோடு எடுத்துப் போகலாம் என்பதை முதலிலேயே பேசிவிட்டேனா? (ஸ்டெஹெலானை நினைங்க.)
மூன்று, மேலிடத்தோடு கருத்து மாறுபட்டால் எனக்குப் பாதுகாப்பு உண்டா? (லியை நினைங்க.)
நான்கு, குழந்தை பிறந்தால், இடையில் நின்றால், திரும்பி வரக் கதவு திறந்திருக்குமா? (ரௌலி.)

முன்பு அங்கே இருந்தவர்களிடம் போன் போட்டுக் கேளுங்க. பேராசிரியர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது பயன்படும்.

28/
16-இல் வைத்த கேள்விக்கு வருவோம். ரௌலிக்கு அந்த உதவித்தொகை கிடைக்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதுதான் இதில் பயமுறுத்தும் விஷயம். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து தீர்ந்தால் அன்றே சத்தம் வரும். ஒரு ஃபெல்லோஷிப்பை நிறுத்தினால் இருபது, முப்பது வருடம் எந்தச் சத்தமும் வராது. வராமல் போன மருந்துக்காக யாரும் கியூவில் நிற்பதில்லை.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல் கோட்டையில் கை வைக்க மாட்டார்கள்.

29/
அதனால், அடுத்த தடவை அந்தப் பொண்ணு "போஸ்ட்டாக் போறேன்"னு சொன்னா, "இன்னுமா படிப்பு?"ன்னு கேட்காதீங்க. "எதைப் பத்திம்மா ஆராய்ச்சி?"ன்னு கேளுங்க. கோழி, ஈஸ்ட், ஈ என்று ஏதாவது சொல்வாங்க. சிரிக்காம உட்கார்ந்து கேளுங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.